பெட்டி பெரிது, வாசல் சின்னது

இங்கிலாந்தில் ஒரு சிறிய ஊர் அருங்காட்சியகத்தில் காட்சி அமைக்கும் வேலையில் இருந்தேன். ஊர் ஊராகச் சுற்றும் ரோமானியத் தொல்லியல் கண்காட்சி ஒன்று எங்கள் முறைக்கு வந்தது. லாரியிலிருந்து இறக்கிய கல்லறைக் கல்லின் மரப்பெட்டி லிஃப்டுக்குள் போகவில்லை. நாலே நாலு சென்டிமீட்டர்! லிஃப்டின் உள் அகலத்தை அளந்த நாங்கள் கதவை அளக்கவில்லை. நாங்கள் என்ன, நான்தான்.

கல் கீழே நுழைவுக் கூடத்திலேயே நிற்கட்டும் என்று முடிவானது. பெட்டியை உடனே திறக்கவும் முடியாது. குளிரில் வந்த பொருள் அறையின் சூட்டுக்குப் பழக ஒரு முழு நாள் மூடியபடி கிடக்க வேண்டும். திறக்கும்போது இரவல் கொடுத்தவர்களின் ஆள் பக்கத்திலேயே நின்று, ஒவ்வொரு கீறலையும் பழைய படத்தோடு ஒப்பிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அப்புறம்தான் உண்மையான தலைவலி. முந்தைய ஊரில் நீளமான ஒரே கூடம். கதை பிறப்பில் தொடங்கிச் சாவில் முடிந்தது. எங்களிடமோ வாசலிலேயே கல்லறை. சுவர்ப் பலகைகளில் பாதியைத் திருத்தி எழுதினோம். மாடித் தரையில் டேப் ஒட்டி ஒவ்வொரு கண்ணாடிப் பேழைக்கும் இடம் குறித்து, நடுவில் சக்கர நாற்காலியைத் தள்ளிப் பார்த்தோம். இரண்டு இடத்தில் திரும்பவில்லை. ஒரு பேழையையே விட்டுவிட்டோம். எங்களுடையது விக்டோரியா காலத்துக் கட்டிடம், மழை பெய்தால் சுவரே ஈரம். வெண்கலத்தில் பச்சைப் பொடி பூத்துவிடக் கூடாதே என்று பேழையின் அடித்தட்டில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் நிரப்பி, காலையில் காபிக்கு முன் ஈரமானியைப் பார்ப்பேன்.

2007இல் பிரிட்டிஷ் மியூசியத்தில் முதல் சீனப் பேரரசரின் கல்லறைக்கருகே புதைந்திருந்த சுடுமண் வீரர் சிலைகளைப் பார்த்தது அப்போது நினைவுக்கு வந்தது. சொந்த ஊர்க் குழியில் நேர்வரிசையில் நின்றவர்களுக்கு லண்டனில் கிடைத்தது, 1857இல் திறந்த வட்ட வாசிப்பறை. பழைய மேசைகளைப் பெயர்க்காமல், அவற்றுக்கு மேலே தற்காலிகத் தளம் போட்டுக் காட்சி வைத்திருந்தார்கள். அன்று வீரர்களையும் குவிமாடத்தையும்தான் பார்த்தேன். இன்றைக்குப் போயிருந்தால் முதலில் தளத்தைத் தட்டிப் பார்த்திருப்பேன்.

திறப்பு நாளில் ஒரு பள்ளிச் சிறுவன் கல்லறைக் கல்லின் முன் வெகுநேரம் நின்றான்.

"இவங்க செத்தாச்சு, சரி. எப்படி வாழ்ந்தாங்கன்னு எங்கே இருக்கு?"

லிஃப்டைக் காட்டினேன்.