85 பாயின்ட் கணக்கு, யாராச்சும் ஹெல்ப் பண்ணுங்க

ஃப்ரெண்ட்ஸ், 1945 மே மாசம் ஐரோப்பால சண்டை முடிஞ்சதும் அமெரிக்க ஆர்மில 85 பாயின்ட் இருந்தாதான் வீட்டுக்குன்னு ரூல் போட்டாங்கல்ல, அதுல ஒரு டவுட்டு. சர்வீஸ் மாசத்துக்கு 1, வெளிநாட்டுல இருந்த மாசத்துக்கு இன்னொரு 1, மெடல், போர்க்கள ஸ்டார் ஒவ்வொண்ணுக்கும் 5, குழந்தைக்கு 12, அதுவும் மூணு பேர் வரைக்கும்தான். நான் போட்டுப் பார்த்த கணக்கு: 40 மாச சர்வீஸ், அதுல 24 வெளிநாடு, ரெண்டு ஸ்டார், மொத்தம் 74. கூட ஒரு குழந்தை இருந்தா 86, கிளம்பலாம். பேச்சிலர் பாவம், அடுத்து ஜப்பான் பக்கம் அனுப்பிடுவாங்களோன்னு பயந்துட்டே கிடக்கணும்! பொண்டாட்டிக்கு பாயின்டே இல்லையாம், கொடுமை. என் டவுட்டு, 84ல நின்னவன் அப்பீல் பண்ண வழி இருந்துச்சா? செமினார் நாளைக்கு, தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.