அம்மாவுக்குக் கீமோ: டாக்டர் வீடியோவில் பார்த்தால் போதுமா?

கடலோரன்:
எங்கள் ஊர் இராமநாதபுரம் பக்கம். அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். சென்னையில் ஆபரேஷன் முடிந்து 21 நாளுக்கு ஒரு தடவை கீமோ, இதுவரை மூன்று முடிந்திருக்கிறது. ராத்திரி ரயிலில் போய், மறுநாள் முழுக்க ஓ.பி.யில் காத்திருந்து, மருந்தை ஏற்றிக்கொண்டு அன்று ராத்திரியே ரயில் ஏறினால் அம்மா துவண்டு போகிறார். போன முறை பரமக்குடி வரை வாந்திக்காக ஒரு கேரி பேக்கைக் கையில் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். அடுத்ததை மாவட்ட ஆஸ்பத்திரியில் போட்டுக்கொள்ளுங்கள், நான் வீடியோவில் பார்க்கிறேன் என்கிறார் டாக்டர். "கையைத் தொட்டுப் பார்க்காமல் என்ன வைத்தியம்" என்று அம்மா பயப்படுகிறார். எனக்கும் மனசு அடித்துக்கொள்கிறது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

வார்டு அக்கா:
தம்பி, நான் கீமோ வார்டில் 14 வருஷமாக நர்ஸ். முதலில் ஒன்று கேளுங்கள்: அங்கே மருந்து ஏற்றப்போகிறவர் கீமோ பழகியவரா? அம்மாவுக்குச் சிவப்பு மருந்து போகிறது என்றால், அது நரம்பை விட்டு வெளியே கசிந்தால் சதையே புண்ணாகிவிடும், அதைத் திரையில் பார்க்கிற டாக்டர் கண்டுபிடிக்க முடியாது, பக்கத்தில் நிற்கிறவர் கண்ணில்தான் படும். அப்புறம் ரத்தப் பரிசோதனையை முன்கூட்டியே எடுத்து அனுப்பிவிடுங்கள், வெள்ளையணு குறைந்திருந்தால் டாக்டரே தள்ளிப்போடுவார், அம்மாவுக்கு அலைச்சல் மிச்சம். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் எந்த வீடியோவுக்கும் காத்திருக்காதீர்கள், ராத்திரி இரண்டு மணியானாலும் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

டவுன்ஸ்வில்வாசி:
நான் ஆஸ்திரேலியாவில் இருக்கிறேன். இங்கே குவீன்ஸ்லாந்தில் புற்றுநோய் டாக்டர் சபே சபேசன் தலைமையில் 2007லிருந்தே இப்படி நடக்கிறது. மவுண்ட் ஐசா என்கிற சுரங்க ஊர் நான் இருக்கும் டவுன்ஸ்வில் நகரத்திலிருந்து சுமார் 900 கிலோமீட்டர், அங்கே உள்ளூர் நர்ஸ்களுக்குப் பயிற்சி கொடுத்து, அவர்கள் கீமோ போட, இங்கிருந்து புற்றுநோய் டாக்டர்கள் வீடியோவில் பார்த்துக்கொள்கிறார்கள். இரண்டு ஊர் நோயாளிகளையும் ஒப்பிட்டு ஆய்வு செய்தார்கள், பக்கவிளைவுகளில் பெரிய வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. அதனால் முறையைப் பற்றி அம்மா பயப்பட வேண்டாம். மருந்து ஏற்றுகிறவர் கீமோ பழகியவரா என்று வார்டு அக்கா கேட்கச் சொன்னதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

செல்வி:
இன்னொன்று, இப்போது தேவைப்படாவிட்டாலும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 2020 மார்ச்சில் வந்த நம் நாட்டு டெலிமெடிசின் வழிகாட்டுதல்படி கடும் வலிக்குக் கொடுக்கிற மார்ஃபின் மாதிரி, போதை மருந்துச் சட்டத்துக்குள் வருகிற மருந்தை வீடியோவில் பார்த்துவிட்டு எழுதித் தர முடியாது. இது தெரியாமல் எங்கள் அப்பாவுக்கு ஒரு வெள்ளிக்கிழமை அந்த மாத்திரை தீர்ந்துபோய்விட்டது. டாக்டர் திரையில் எதிரே இருக்கிறார், ஆனால் சீட்டு கிடைக்காது. அப்பா இரண்டு ராத்திரி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து முனகிக்கொண்டே இருந்தார். வலி மருந்து என்று வந்துவிட்டால் நேரில் போகிற நாளிலேயே அதை வாங்கிவிடுங்கள்.

கடலோரன்:
ரொம்ப நன்றி. இன்று மாவட்ட ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். அங்கே ஒரு நர்ஸ் கீமோ பயிற்சி எடுத்திருக்கிறாராம், டாக்டர் வீடியோவில் வரும்போது தானும் கூடவே இருப்பதாகச் சொன்னார். போனை வாங்கி அம்மாவே அவரிடம் பத்து நிமிஷம் பேசினார். வைத்துவிட்டு, "அந்தப் பொண்ணு கையைப் பிடிச்சுப் பாக்குமாம், சரி போகலாம்" என்றார். வியாழக்கிழமை ரத்தம் எடுக்கிறோம்.