அப்டேட்: இன்ஸ்ப்ரூக் போயிட்டு வந்தாச்சு

ஜெர்மனி மியூனிக்ல இருந்து ஆஸ்திரியாவுல இருக்குற இன்ஸ்ப்ரூக்கை ஒரே நாள்ல பார்த்துட்டு திரும்பிடலாமா, இல்ல நைட் தங்கணுமான்னு கேட்டிருந்தேன்ல, நிறைய பேர் தங்குங்கன்னு சொன்னீங்க, அப்படியே செஞ்சோம், ரொம்ப நன்றிங்க. ரயில்ல ரெண்டு மணி நேரத்துக்குள்ள போயிடலாம்.

தங்கக்கூரை (பழைய ஊர்ல ஒரு பால்கனி மேல இருக்குற கூரை) ஓகே, 2,657 தங்கமுலாம் ஓடு, 1500-ல முடிச்சது, கீழ நின்னு பத்து நிமிஷம் பார்த்தா போதும். ஆனா ஹோஃப்கிர்ஹங்கிற சர்ச்சுக்கு தயவுசெஞ்சு போகாம விட்டுடாதீங்க! புனித ரோமப் பேரரசர் முதலாம் மாக்ஸிமிலியன் சமாதியைச் சுத்தி ஆளை விட உயரமா 28 வெண்கலச் சிலை, கிட்ட போய்ப் பாருங்க, கவசத்தோட கணு, சேலை பார்டர் மாதிரி அங்கியில ஓடுற வேலைப்பாடு எல்லாம் உலோகத்துலயே செதுக்கியிருக்காங்க, ஆர்தர் ராஜா சிலைக்கு டிசைன் ஜெர்மன் ஓவியர் ட்யூரர் போட்டது. இவ்வளவும் காலி சமாதிக்கு, மாக்ஸிமிலியன் உடம்பு வீனர் நோய்ஷ்டாட்ங்கிற வேற ஊர்ல இருக்கு.

மறுநாள் காலைல நோர்ட்கெட்ட மலைக்கு கேபிள் கார், மேல இருக்குற ஹாஃபெலேகார் ஸ்டேஷனே 2,256 மீட்டர் உயரம், ஒரு பக்கம் ஊரு, மறுபக்கம் கார்வெண்டல் மலைங்க. இன்ஸ்ப்ரூக் கார்டுன்னு டூரிஸ்ட் பாஸ் எடுத்தா இதுவும் சர்ச்சும் அதுலயே அடங்கிடும், ஜாக்கெட் மட்டும் மறக்காம எடுத்துக்கோங்க, கீழ வெயில் அடிச்சாலும் மேல குளிரும்.