விக்கிரவாண்டி – தஞ்சாவூர் நான்குவழிச்சாலை: பாதி திறந்ததைக் கொண்டாடலாமா?

வடலூர் லாரிக்காரன்:
2025 ஜூலை 26 அன்று தூத்துக்குடி வந்த பிரதமர், சேத்தியாத்தோப்பு – சோழபுரம் 50 கிலோமீட்டர் நான்குவழிச்சாலையைத் திறந்துவைத்தார். செலவு 2,350 கோடிக்கு மேல். கொள்ளிடத்தில் மட்டுமே ஒரு கிலோமீட்டர் நீளத்துக்குப் புதுப் பாலம். நான் இருபது வருடமாகக் கும்பகோணத்துக்கு லோடு அடிக்கிறேன். அணைக்கரைப் பழைய பாலத்தில் கனரக வண்டி போகக் கூடாது என்று நிறுத்திய பிறகு, சுற்றிப் போய்ச் செலவழித்த டீசல் எவ்வளவு என்று என் குடும்பத்துக்குத்தான் தெரியும். இந்தச் சாலை எங்களுக்கு உயிர் வந்த மாதிரி. ஆனால் எங்கே போனாலும் குறைதான் பேசுகிறார்கள். என்னதான் குறை, சொல்லுங்கள்.

குடமுருட்டிக்கரை:
தம்பி, சாலை வேண்டாம் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. பாலம் வந்தது நல்லது. என் குறை சாலை மீது இல்லை, அதன் மேட்டின் மீது.

எங்கள் பக்கம் சோழபுரம் – தஞ்சாவூர் பகுதி. பழைய சாலை வயலுக்குக் கொஞ்சம் மேலே இருந்தது, அவ்வளவுதான். அடைமழையில் தண்ணீர் அதன் மேலேயே ஏறி வடிந்துவிடும். புதுச் சாலை ஆளுயரத்துக்கு மேல் மண் கொட்டி எழுப்பியது. வாய்க்கால் குறுக்கிடும் இடத்தில் குழாய் வைத்திருக்கிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எங்கள் வயலுக்கு நேரே இருக்கும் குழாயின் தளம் வயல் மட்டத்தைவிட உயரம். தண்ணீர் எப்படி ஏறிப் போகும்? எனக்கு இருந்தது ஒன்பது மா, அதாவது சுமார் மூன்று ஏக்கர். இரண்டு மா சாலைக்குப் போனது. மீதி ஏழில் போன ஐப்பசி மழையில் ஐந்து நாள் தண்ணீர் நின்று, நட்டு ஒரு மாதம்கூட ஆகாத சம்பா அழுகிப்போனது. போன இரண்டு மாவுக்கு இழப்பீடு உண்டு. அழுகிய பயிருக்கு யாரும் பொறுப்பில்லை என்கிறார்கள்.

மீன்சுருட்டி:
ஐயா சொல்வதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2020இல் காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் என்று சட்டம் போட்டார்கள். அப்படியிருக்க இந்த நிலத்தில் எப்படிச் சாலை போட முடிந்தது? சேத்தியாத்தோப்புப் பக்கம் வளையமாதேவியில் 2023இல் நெய்வேலி நிலக்கரிச் சுரங்கத்துக்காகக் கால்வாய் வெட்டக் கதிர் வந்த நெல்லின் மேல் இயந்திரத்தை ஏற்றியதைப் பார்த்தவர்கள் நாங்கள். நிலம் எடுக்கிறோம் என்று யார் வந்தாலும் எங்களுக்கு வயிறு கலங்குகிறது.

ஓய்வுபெற்ற பொறியாளர்:
உங்கள் பயம் நியாயம் தம்பி. ஆனால் சட்டத்தைத் தவறாகப் புரிந்துகொள்ள வேண்டாம். அந்த 2020 சட்டம் தடுப்பது எண்ணெய், எரிவாயுக் கிணறு, உருக்காலை போன்றவற்றை. சாலை, துறைமுகம், குழாய்ப்பாதை, மின்சாரம், குடிநீர் இவற்றுக்குப் பொருந்தாது என்று அதிலேயே எழுதியிருக்கிறார்கள். ஆகவே அதை வைத்து இந்தச் சாலையைக் கேள்வி கேட்க முடியாது. வடிகாலை வைத்துக் கேட்கலாம், அது வலுவான கேள்வி.

பண்ருட்டி பலாக்கடை:
திறந்த பகுதியைப் பற்றியே பேசுகிறீர்கள். விக்கிரவாண்டி – சேத்தியாத்தோப்பு பகுதி என்ன ஆனது? 165 கிலோமீட்டர் சாலையை மூன்றாகப் பிரித்தார்கள், எங்கள் பகுதிதான் கடைசியில் நிற்கிறது. நிழல் தந்த புளியமரங்களை முதல் வேலையாக வெட்டினார்கள். அப்புறம் பள்ளம், ஜல்லி, புழுதி. சித்திரை, வைகாசியில் பலாப்பழம் வாங்க வண்டியை ஓரம்கட்டும் ஆட்கள் இப்போது கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள். ராத்திரியில் பள்ளத்தில் விழுந்து கை முறிந்த பையனை நானே தூக்கிவிட்டேன். முடியாத சாலை, பழைய சாலையைவிட மோசம்.

வடலூர் லாரிக்காரன்:
அக்கா, அந்தப் பள்ளத்தில் தினமும் போய்வருகிறவன் நான், அதில் உங்கள் பக்கம்தான். ஆனால் தாமதத்துக்குக் காரணமே எதிர்ப்புதானே? நிலம் தர மறுத்து ஒருவர் நீதிமன்றம் போனால், மற்ற ஊர்க்காரன் எல்லாம் புழுதி தின்ன வேண்டியிருக்கிறது.

மீன்சுருட்டி:
அது சரியில்லை அண்ணே. டெல்லியைக் கேட்டால் மாநிலம் நிலமும் மண்ணும் தரவில்லை என்பார்கள். சென்னையைக் கேட்டால் தேசிய நெடுஞ்சாலை ஆணையமும் ஒப்பந்தக்காரரும்தான் காரணம் என்பார்கள். நடுவில் விவசாயி மேல் பழி போடுவது சுலபமாக இருக்கிறது.

ஓய்வுபெற்ற பொறியாளர்:
முப்பது வருடம் இந்த வேலையில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். தேசிய நெடுஞ்சாலைக்கு நிலம் எடுக்கும் அறிவிக்கையை வெளியிடுவது மத்திய அரசு. நிலத்தை அளந்து விலை வைப்பது மாநில வருவாய் அதிகாரி. பணம் தருவது ஆணையம். கரைக்குக் கொட்டும் கிராவலுக்கு அனுமதி தருவது மாநிலக் கனிமவளத் துறை. எந்த ஒரு கோப்பு நின்றாலும் வேலை நிற்கும், ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கைகாட்டலாம்.

இன்னொன்று, இது போன்ற பல சாலைகளின் ஒப்பந்த முறை. கட்டும்போது செலவில் 40 சதவீதத்தை அரசு தரும். மீதி 60 சதவீதத்தை ஒப்பந்தக்காரர் புரட்டிப் போட்டு, பிறகு தவணையாக வாங்கிக்கொள்வார். 80 சதவீத நிலம் கையில் இருந்தாலே வேலையைத் தொடங்கிவிடலாம். மீதி 20 சதவீதம் ஒரே இடத்தில் இருக்காது. இங்கே ஒரு வீடு, அங்கே ஒரு கோயில், ஒரு வாய்க்கால் கரை என்று சிதறிக் கிடக்கும். கடனுக்கு வட்டி ஏறும், ஒப்பந்தக்காரர் தளர்வார், இயந்திரம் வேறு ஊருக்குப் போய்விடும். நீதிமன்றம் போன விவசாயியால் மட்டும் இத்தனை வருடம் தாமதமாகாது.

வடலூர் லாரிக்காரன்:
சரி சார், ஏற்றுக்கொள்கிறேன். ஆனாலும் இழப்பீடு கொடுத்துத்தானே எடுக்கிறார்கள்? 2013 நில எடுப்புச் சட்டப்படி, நிலத்தின் விலைக்கு மேல் ஆறுதல் தொகை என்று இன்னொரு நூறு சதவீதம் என்கிறார்களே.

குடமுருட்டிக்கரை:
எதன் மேல் நூறு சதவீதம், தம்பி? பத்திரப்பதிவுக்கு அரசு வைக்கும் வழிகாட்டி மதிப்பின் மேல், பத்திரத்தில் எழுதிய விலையின் மேல். 2017 ஜூனில் வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்தார்கள். பத்திரம் போடுகிறவனுக்கு அது சந்தோஷம். அதற்குப் பிறகு அறிவிக்கை வந்த நிலத்துக்காரனுக்கு அடி. எனக்கு வந்த பணத்தில் பக்கத்து ஊரில் ஒரு மாகூட வாங்க முடியவில்லை.

ஓய்வுபெற்ற பொறியாளர்:
ஐயா சொல்வதற்கு நீதிமன்றத்திலேயே சாட்சி உண்டு. தமிழ்நாட்டின் பழைய 45இ, 220ஆம் எண் நெடுஞ்சாலைகளுக்கு எடுத்த நிலத்துக்குச் சதுர மீட்டருக்கு 46.55 ரூபாயிலிருந்து 83.15 ரூபாய் வரைதான் வைத்தார்கள். முறையிட்டால் விசாரிக்கும் நடுவர், மத்திய அரசு நியமித்த மாவட்ட ஆட்சியர். அவரும் அதையே உறுதி செய்தார். மாவட்ட நீதிமன்றம்தான் 645 ரூபாயாக உயர்த்தியது. 2021இல் உச்ச நீதிமன்றம், தொகையை உயர்த்த நீதிமன்றத்துக்குச் சட்டத்தில் அதிகாரம் இல்லை என்றது. ஆனாலும் அந்த மக்களுக்குக் கிடைத்த தொகையில் கை வைக்கவில்லை. 46 எங்கே, 645 எங்கே! இந்த வித்தியாசத்தைப் பார்த்த பிறகும் நிலம் தருகிறவர் தயங்கினால் நான் குறை சொல்ல மாட்டேன்.

வடலூர் லாரிக்காரன்:
இந்தக் கணக்கு எனக்குத் தெரியாது. ஆனால் சாலை வந்தது நல்லது என்ற என் பேச்சில் மாற்றமில்லை, ஐயா. அணைக்கரையில் வண்டியோடு காத்துக் கிடந்த ராத்திரிகளை என்னால் மறக்க முடியாது. அதே சமயம் உங்கள் வயலில் தண்ணீர் நிற்பதும் நடக்கக் கூடாது. அந்தக் குழாயை என்ன செய்ய முடியும்?

ஓய்வுபெற்ற பொறியாளர்:
புரட்டாசி முடிவதற்குள் செய்ய வேண்டும். வரைபடத்தில் அந்தக் குழாயின் தள மட்டம் எவ்வளவு என்று தகவல் உரிமைச் சட்டத்தில் ஆணையத்திடம் கேளுங்கள். வயலின் மட்டத்தையும் ஒருமுறை அளந்து வைத்துக்கொள்ளுங்கள். தளம் உயரம் என்பதை எண்ணாக எழுதிக் கொடுத்தால், பெட்டி வடிவச் சிறுபாலமாக மாற்றக் கேட்க முடியும். குழாயின் வாய்ப்பக்கம் கொட்டிக் கிடக்கும் கட்டுமானக் கழிவை இப்போதே அள்ளச் சொல்லலாம். அளக்க வேண்டுமென்றால் கருவியோடு நான் வருகிறேன்.

வடலூர் லாரிக்காரன்:
ஞாயிற்றுக்கிழமை பாபநாசத்தில் லோடு இறக்குகிறேன். முடித்துவிட்டு வருகிறேன். இடம் சொல்லுங்கள் ஐயா.

குடமுருட்டிக்கரை:
வாருங்கள் தம்பி, சாரும் வரட்டும். பைபாஸ் பாலம் இறங்கியதும் இடது கையில் ஒரு பனைமரம் தெரியும், அங்கே நிற்கிறேன். அன்றைக்கு மழை பெய்தால் நல்லது, தண்ணீர் எங்கே முட்டித் திரும்புகிறது என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம்.