ஹைபாட் டெஸ்டில் அடாப்டர் 1,300 வோல்ட்டிலேயே டிரிப் ஆகிறது. இன்சுலேஷன் கோளாறா?

கேள்வி:
12 வோல்ட் 2 ஆம்பியர் ஃப்ளைபேக் (ஸ்விட்சிங் வகை) அடாப்டர். இரண்டு பின், எர்த் கிடையாது. ஐ.எஸ். 13252 (ஐடி சாதனங்களின் பாதுகாப்புத் தரம்) பிஐஎஸ் பதிவுக்கு அனுப்பும் முன் பிரைமரி (மெயின்ஸ் பக்கம்)–செகண்டரி (அவுட்புட் பக்கம்) இடையே 3,000 வோல்ட் ஏசி கொடுத்து ஹைபாட் டெஸ்ட், அதாவது இன்சுலேஷன் தாங்குகிறதா என்று பார்க்கிறோம். கரன்ட் லிமிட் 2 மில்லி ஆம்பியர், தாண்டினால் டெஸ்டர் டிரிப் ஆகும். எல்லா போர்டும் 1,300 வோல்ட் பக்கத்தில் டிரிப். தீப்பொறி இல்லை, சத்தமும் இல்லை. டிரான்ஸ்ஃபார்மர் மாற்றியும் அதே கதைதான். பிரைமரிக்கும் செகண்டரிக்கும் இடையே இரைச்சலை அடக்கப் போடும் ஒய் கெப்பாசிட்டர் 4.7 நானோ ஃபாரட். இன்னொன்று, இதில் ஓடும் ரவுட்டரின் மெட்டல் பாடியைத் தொட்டால் மெலிதாகச் சுர்ரென்கிறது.

பதில் 1:
இன்சுலேஷன் உடையவில்லை சார். 4.7 நானோவில் 50 ஹெர்ட்ஸ், 1,355 வோல்ட் வந்தாலே 2 மில்லி ஆம்பியர் ஓடும். உங்கள் எண்ணோடு பொருந்துகிறது பாருங்கள். வோல்டேஜை மெதுவாக ஏற்றும்போது கரன்ட்டும் சீராக ஏறினால் அது கெப்பாசிட்டர். திடீரென்று எகிறினால்தான் பிரேக்டவுன். ஏசிக்குப் பதில் அதன் உச்ச மதிப்பான 4,242 வோல்ட் டிசி கொடுங்கள், கெப்பாசிட்டர் டிசியைக் கடத்தாது. முடிந்ததும் டிஸ்சார்ஜ் செய்யாமல் போர்டில் கை வைக்காதீர்கள்.

ஆனால் அந்தச் 'சுர்'ரை விட்டுவிடாதீர்கள். மெயின்ஸின் மேல் எல்லையான 253 வோல்ட்டில் 4.7 நானோ வழியாக 0.37 மில்லி ஆம்பியர் வரும். இந்தத் தரத்தில் எர்த் இல்லாத, கைபடும் பாகத்துக்கு வரம்பு 0.25. லேபில் ஃபெயில்தான். 2.2 நானோ போட்டால் 0.175, கூடுதல் 20 சதவீத டாலரன்ஸ் சேர்த்தாலும் 0.21. இஎம்ஐ (மின்காந்த இரைச்சல்) ஏறும். அதை டிரான்ஸ்ஃபார்மரில் ஷீல்ட் வைண்டிங் போட்டு அடக்குங்கள், ஒய் கெப்பாசிட்டரை ஏற்றி அல்ல.

பதில் 2:
அந்தக் கெப்பாசிட்டரின் முகத்தையும் பாருங்கள். நீல வட்டில் 'ஒய்1' (இந்த இடத்தில் தனியாகவே போடத் தகுந்த பாதுகாப்பு வகுப்பு) என்றும் அங்கீகார முத்திரைகளும் இருக்க வேண்டும். வெறும் '222, 2 கேவி' என்று அச்சிட்ட சாதா டிஸ்க் அதே நிறம், அதே அளவு. கடையில் கலந்துவிடுகிறது. ஹைபாட்டும் பாஸ் ஆகலாம். அது ஒருநாள் ஷார்ட் ஆனால் மெயின்ஸ் நேராக ரவுட்டர் பாடிக்கு வரும். தொடுபவர் உயிர் அந்த ஒரு பாகத்தில் இருக்கிறது. ஒய்1 கிடைக்காவிட்டால் அதற்கு அடுத்த வகுப்பான ஒய்2 இரண்டை சீரீஸில் போடுங்கள்.

கேட்டவர்:
டிசியில் பாஸ். 2.2 நானோ ஒய்1 மாற்றிவிட்டோம். ஆப்டோ (இரு பக்கத்துக்கும் இடையே ஒளி வழியாக சிக்னல் அனுப்பும் ஆப்டோகப்ளர்) அடியில் பேடுக்குப் பேடு 5.2 மி.மீ. பிரைமரி–செகண்டரி வொர்க்கிங் வோல்டேஜ் அளந்தால் 270 ஆர்எம்எஸ். போதுமா?

பதில் 1:
போதாது. ரீஇன்ஃபோர்ஸ்டு (இரட்டைக்கு நிகரான) இன்சுலேஷன், பொல்யூஷன் டிகிரி 2 (சாதாரண உட்புறத் தூசி நிலை), சாதா எஃப்ஆர்4 (கண்ணாடி இழை) போர்டு என்றால் க்ரீபேஜ் (போர்டின் மேற்பரப்பு வழித் தூரம்) 250 வோல்ட்டுக்கு 5.0, 300-க்கு 6.4 மி.மீ. இடையில் கணக்கிட்டால் 270-க்கு 5.6. ஃப்ளைபேக்கில் 250-ஐத் தாண்டுவது சகஜம், அளக்காமல் 5.0 என்று விடுவதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு.

பேடுகளுக்கு நடுவே ஸ்லாட் வெட்டுங்கள். அகலம் 1 மி.மீ.க்குக் குறைந்தால் ஸ்லாட்டே இல்லாதது போலத்தான் அளப்பார்கள். பேடின் இரு முனையையும் தாண்டி நீளட்டும், இல்லாவிட்டால் சுற்றுவழி 5.6-ஐத் தொடாது. க்ளியரன்ஸுக்கு (காற்று வழித் தூரம்), உச்ச வோல்டேஜ் 420-ஐத் தாண்டாவிட்டால், 4.0 போதும், அது உங்களிடம் இருக்கிறது. ஆப்டோ உடலின் க்ரீபேஜையும் டேட்டாஷீட்டில் பாருங்கள். கால் அகலமான 10.16 மி.மீ. வகை கிடைத்தால் தொல்லை குறையும்.

பதில் 2:
ஃபெரைட் கோரை மறக்க வேண்டாம். அதைக் கடத்தியாகவே கணக்கில் எடுப்பார்கள். செகண்டரி பின் கோரை ஒட்டி நின்றால் ஸ்லாட் வெட்டியும் பயனில்லை. செகண்டரிக்கு டிரிப்பிள் இன்சுலேட்டட் ஒயர் போட்டு, முனைகளுக்கு ஸ்லீவ் மாட்டுங்கள். லேபுக்குக் கொடுக்கும் கிரிட்டிக்கல் பாகப் பட்டியலில் புதிய ஒய் கெப்பாசிட்டரின் மேக், மாடல் எழுதுங்கள். பிறகு வேறு மேக் வாங்கிப் போட்டால் பதிவு பெற்ற சாம்பிளும் விற்கும் பொருளும் ஒன்றாக இராது.