1992 மாஸ்டா எம்எக்ஸ்-5: கம்பளம் ஈரம், இன்ஜின் பின்னால் ஆயில் லீக், கண்ணாடி ஏறத் திணறுகிறது

கேள்வி:
வணக்கம் நண்பர்களே. என்னிடம் இருப்பது 1.6 லிட்டர் இன்ஜின் வண்டி. ஓட்டத்தில் குறையே இல்லை. ஆனால் வயதாகிவிட்டதால் சில்லறைத் தொல்லைகள் ஒவ்வொன்றாகத் தலைகாட்டுகின்றன. மழை பெய்த மறுநாள் சீட்டுக்குப் பின்னால் கம்பளம் நனைந்திருக்கிறது. துணிக்கூரையில் கிழிசல் எதுவும் தெரியவில்லை. இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் ஆயில் சொட்டுகிறது. பார்த்த மெக்கானிக், கிராங்க் ஷாஃப்ட்டின் பின்முனையில் ஆயிலைத் தடுக்கும் சீல் (பின் சீல்) போய்விட்டது, கியர்பாக்ஸை இறக்க வேண்டும் என்கிறார். இரண்டு கதவுக் கண்ணாடிகளும் ஏறத் திணறுகின்றன. காலையில் ஸ்டார்ட் செய்ததும் இன்ஜின் மேல்பக்கம் டிக் டிக் என்று சத்தம், சற்று நேரத்தில் அடங்கிவிடும். விற்க மனமில்லை, இன்னும் பல வருடம் ஓட்ட ஆசை. எதில் தொடங்கலாம்?

பதில் 1:
கியர்பாக்ஸில் இப்போதைக்குக் கை வைக்க வேண்டாம். இந்த இன்ஜினில் மேல்பகுதியான சிலிண்டர் ஹெட்டின் பின்முனையில், கேம் ஷாஃப்ட்டின் சுழற்சியை அறியும் கேம் ஆங்கிள் சென்சார் இருக்கிறது. அதிலுள்ள ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் வருடக்கணக்கான சூட்டில் இறுகி, ஆயிலைப் பிடித்து நிறுத்தாது. கசிவு ஹெட்டின் பின்பக்கமாக வழிந்து கியர்பாக்ஸ் கூட்டின் மேல் இறங்கும். கீழிருந்து பார்ப்பவருக்குப் பின் சீல் போனது போலவே தெரியும். ஹெட்டின் மேல்மூடியான வால்வு கவரின் கேஸ்கெட், அதன் பின் மூலையும் இதே மாதிரி ஏமாற்றும்.

பின்பக்கத்தை நன்றாகத் துடைத்துக் காயவையுங்கள். கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு, சிறு கண்ணாடியும் டார்ச்சும் வைத்து மேலிருந்து பாருங்கள். சென்சாரின் அடியில் ஈரம் இருந்தால் விஷயம் முடிந்தது. கழற்றும் முன் சென்சார் எந்த நிலையில் நிற்கிறது என்று ஹெட்டோடு சேர்த்து ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். அதைத் திருப்பினால் இக்னிஷன் டைமிங் (பிளக்கில் தீப்பொறி விழும் நேரம்) மாறிவிடும். மாட்டிய பிறகு டைமிங் லைட் வைத்துப் பாருங்கள். இன்ஜின் அறையிலுள்ள டயக்னோசிஸ் பெட்டியில் TEN, GND (கிரவுண்ட்) என்று குறித்த இரண்டு முனைகளையும் ஒயரால் இணைத்தால் ஐடிலில் 10 டிகிரி காட்ட வேண்டும்.

மேலே சுத்தமாகக் காய்ந்திருந்தும் கீழே சொட்டினால் மட்டும் பின் சீலைப் பற்றி யோசிக்கலாம்.

பதில் 2:
ஆயிலைவிட எனக்குக் கவலை அந்தத் தண்ணீர்தான். ஆயில் சொட்டினால் ஊற்றிக்கொள்ளலாம், துருவை அப்படி விட முடியாது. துணிக்கூரையில் விழும் தண்ணீர், சீட் பெல்ட் தூண்களை ஒட்டிய இரண்டு டிரெயின் குழாய்கள் வழியாக இறங்கிப் பின் சக்கரத்துக்கு முன்னால் வெளியேற வேண்டும். இலைத்துகளும் மண்ணும் அடைத்துக்கொண்டால் அது உள்ளே திரும்பும். கம்பளம் நனைவதோடு, கதவுக்குக் கீழே ஓடும் சில் பெட்டி உள்பக்கமாக அரிக்கத் தொடங்கும். இந்த வண்டிகளை முடிப்பது பெரும்பாலும் இந்தத் துருதான்.

ஒவ்வொரு பக்கமும் மெதுவாகத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். கீழே தாராளமாகக் கொட்டினால் சரி. அடைத்திருந்தால் புல்வெட்டும் இயந்திரத்தின் தடித்த நைலான் நரம்பைப் போல வளையக்கூடியதை நுழைத்துச் சுத்தம் செய்யுங்கள். கம்ப்ரஸர் காற்றைப் பலமாக அடிக்காதீர்கள், குழாய் உள்ளே இணைப்பில் கழன்றுவிட வாய்ப்புண்டு. கூரையின் பின் விளிம்பில் தண்ணீரைத் தாங்கும் பிளாஸ்டிக் பட்டையில் விரிசல் இருக்கிறதா என்றும் தடவிப் பாருங்கள்.

பதில் 3:
கண்ணாடிக்குப் புது மோட்டார் வாங்க அவசரப்பட வேண்டாம். கதவு உள்பலகையைக் கழற்றி, காய்ந்த பழைய கிரீஸைச் சுரண்டி எடுத்துவிட்டு, கண்ணாடி ஏறி இறங்கும் தண்டவாளத்தில் வெள்ளை லித்தியம் கிரீஸ், ரப்பர் வழியில் சிலிக்கான் தடவினால் பாதிக்கு மேல் சரியாகும். உள்ளே ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளைக் கிழிக்காமல் எடுங்கள். கிழிந்தால் கதவு வழியாகவும் தண்ணீர் வரும்.

டிக் சத்தம், வால்வுகளைத் தள்ளும் ஹைட்ராலிக் லிஃப்டரில் ஆயில் நிரம்பும் வரை வருவது. சூடானதும் அடங்குகிறது என்றால் பயமில்லை, ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிப் பாருங்கள். உங்கள் வருட மாடலில் ஆயில் அழுத்த முள் உண்மையான அளவைக் காட்டும், அதிலும் ஒரு கண் இருக்கட்டும்.

கேட்டவர்:
எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. கசிவு சென்சாரில்தான். ஓ-ரிங் மாற்றிய பிறகு கியர்பாக்ஸ் கூடு காய்ந்தே இருக்கிறது. இடது டிரெயினில் தண்ணீர் சரளமாக இறங்குகிறது. வலதில் கறுப்பு மண்ணாக வந்தது, அப்புறம்தான் வழி திறந்தது. ஆனால் அந்தப் பக்கம் சில்லின் பின்முனையில் பெயின்ட் கொப்புளித்திருக்கிறது. மேலே தேய்த்துப் பெயின்ட் அடித்தால் போதுமா?

பதில் 2:
போதாது. முதலில் கொப்புளத்தை ஸ்க்ரூடிரைவரால் அழுத்திக் குத்திப் பாருங்கள். தகடு கெட்டியாக இருந்தால் துருவைச் சுத்தம் செய்து, துருத்தடுப்பு பிரைமர் அடித்து, பெட்டி முழுக்கக் காய்ந்த பின் உள்ளே மெழுகு பீய்ச்சுங்கள். அடியில் உள்ள சிறு வடிகால் துளைகளை மெழுகால் அடைத்துவிடாதீர்கள். ஸ்க்ரூடிரைவர் உள்ளே இறங்கினால் கெட்ட தகட்டை வெட்டி எடுத்துப் புதுத்தகடு வெல்டிங் செய்ய வேண்டும். புட்டி வைத்து மூடித் தருகிறேன் என்று யார் சொன்னாலும் வண்டியைக் கொடுக்காதீர்கள். திறந்த கார் என்பதால் உடல் பலத்தில் பெரும்பங்கு அந்தச் சில்லில்தான் இருக்கிறது.