படத்தில் கோபம் தெரிகிறது, தனக்கு வந்தால் தெரியவில்லை

கேள்வி: இரண்டரை வயதுக்காரியின் அம்மா

மகளுக்கு முகபாவனை அட்டைகள் வாங்கிக் கொடுத்தோம். மகிழ்ச்சி, அழுகை, கோபம், பயம் என எதைக் காட்டினாலும் சட்டென்று சொல்லிவிடுகிறாள். ஆனால் அடுக்கிய கட்டைகள் சரிந்துவிட்டால் போதும், கையில் கிடைத்ததெல்லாம் பறக்கிறது. அண்ணன் பக்கத்தில் இருந்தால் அவனுக்குக் கடியும் உண்டு. அப்போது கோப முகத்தை நீட்டி, "உனக்கு இதுதானே?" என்று கேட்டால் அட்டையும் சேர்ந்து பறக்கிறது. விளையாட்டின் வழியாக உணர்வுகளைச் சொல்லிக்கொடுக்கலாம் என்கிறார்களே, எந்த விளையாட்டு, எந்த நேரத்தில்?

பதில்: இரட்டையரின் அப்பா

கண்ணாடி முன் நின்று ஆளுக்கொரு முகம் காட்டி விளையாடுங்கள். எங்கள் வீட்டில் பல் துலக்கும் நேரமே அதற்காகத்தான் என்று ஆகிவிட்டது. கடிப்பது நின்றதா என்று மட்டும் கேட்காதீர்கள்.

பதில்: காப்பகத்து அக்கா

மழலையர் காப்பகத்தில் வேலை பார்க்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவள் அழுது புரளும்போது அட்டையை உள்ளே வைத்துவிடுங்கள். சிறு பிள்ளைகளின் அடம் பற்றி பொட்டேகலும் டேவிட்சனும் 2003இல் வெளியிட்ட ஆய்வில், கோபம் தொடக்கத்திலேயே உச்சத்துக்குப் போய்த் தணிகிறது, அழுகையும் ஆறுதல் தேடுவதும் மெல்லக் கூடிக்கொண்டே போகின்றன என்று கண்டார்கள். உச்சத்தில் கேட்கும் கேள்வி காதில் ஏறாது. கடிக்க வந்தால் கையால் தடுத்து, "கடிக்க விடமாட்டேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பக்கத்திலேயே இருங்கள்.

விளையாட்டெல்லாம் வயிறு நிறைந்து, தூங்கி எழுந்த நல்ல நேரத்தில். கரடி பொம்மை கட்டை அடுக்கட்டும், அது சரியட்டும். "ஐயோ, என் வீடு! காது சுடுகிறது, கை இறுகுகிறது, எல்லாவற்றையும் எறியப்போகிறேன்" என்று கரடி குமுறட்டும். அட்டையில் இருப்பது யாரோ ஒருவரின் முகம். கோபம் வரும்போது பிள்ளை தன் முகத்தைப் பார்ப்பதில்லை, கை இறுகுவதைத்தான் உணர்கிறது.

பிறகு வாயை மூடிக்கொண்டு காத்திருங்கள். பெரியவர்களுக்கு இதுதான் கடினம். எங்களிடம் வரும் ஒரு பையன் முதலில் கரடியை ஓங்கி அறைந்தான். நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. கரடி மட்டும், "வலிக்கிறது, கோபமும் போகவில்லை" என்றது. வெகுநேரம் அதை முறைத்துக்கொண்டிருந்தவன், கரடியைக் குப்புறக் கிடத்தி முதுகில் தட்ட ஆரம்பித்தான், அவனைத் தூங்கவைக்க நாங்கள் தட்டும் அதே தாளத்தில். அறைந்தவுடன் நீதி சொல்லியிருந்தால் அந்தத் தட்டல் வந்திருக்காது.

இரண்டரை வயதுக்காரியின் அம்மா

நன்றி அக்கா. ஆனால் இவள் பொம்மையைத் தொடவே மாட்டாள். காரும் லாரியும்தான்.

காப்பகத்து அக்கா

லாரிக்கும் கோபம் வருமே! வழிவிடாத காரைப் பார்த்து உறுமட்டும். அவளே லாரியாகவும் ஓடலாம். நீங்கள் கை தட்டினால் நிற்க வேண்டும், மறுபடி தட்டினால் ஊர்ந்து போக வேண்டும். வேகத்தில் இருக்கும் உடம்பை நிறுத்திப் பழக இதைவிட நல்ல விளையாட்டு எனக்குத் தெரியாது.

பதில்: மூன்று பேத்திகளின் தாத்தா

விளையாட்டையும் வகுப்பாக்கிவிட்டால் பிள்ளை எங்கேதான் போய் விளையாடும்? சும்மா விடுங்கள் அம்மா, வளர்ந்தால் சரியாகிவிடும்.

காப்பகத்து அக்கா

முதல் பாதியை அப்படியே ஒப்புக்கொள்கிறேன் ஐயா. அவள் லாரியை வேறு பக்கம் திருப்பினால், கதையை விட்டுவிட்டு அவள் பின்னால் போவதுதான் சரி. ஆனால் சும்மா விட்டாலும் பிள்ளை நம்மைப் படித்துக்கொண்டுதான் இருக்கிறது. 1985இல் வெளியான ஓர் ஆய்வில், பள்ளம் போலத் தோன்றும் கண்ணாடித் தளத்தின் ஓரத்தில் ஒரு வயதுக் குழந்தைகளை விட்டார்கள். எதிரே அம்மா பயந்த முகம் காட்டியபோது ஒரு குழந்தைகூடக் கடக்கவில்லை. மகிழ்ந்த முகம் காட்டியபோது பெரும்பாலான குழந்தைகள் கடந்தன. கட்டை சரியும்போது உங்கள் முகம் எப்படிப் போகிறது என்று ஒருமுறை கவனியுங்கள் அம்மா.

இன்னொன்று, அண்ணனுக்கும் ஒரு லாரி கொடுங்கள். கடிபட்டவன் தரப்பும் விளையாட்டில் வர வேண்டுமே.